சின்ன உறைவிடக் கல்லூரியில் ஒரு நாள்: கொஞ்ச நேரம் தனியாக இருக்க எங்கே போகிறீர்கள்?

மூன்றாம்மாடி:
முதலாண்டு, சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மொத்தக் கல்லூரிக்கும் 240 பேர்தான், எல்லாரும் விடுதியில். என் கட்டிலிலிருந்து வகுப்புக்கு நடந்தால் நான்கு நிமிடம், மெஸ்ஸுக்கு இரண்டு நிமிடம், நூலகம் மெஸ்ஸுக்கு நேர் மேலே. பஸ் பிடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம். யாரிடம் சொன்னாலும் "உனக்கென்னப்பா" என்கிறார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு மூட்டை தூக்கியவன் மாதிரி அசந்துபோகிறேன், ஏன் என்று எனக்கே புரியவில்லை.

என் நாள் இப்படித்தான் போகிறது. காலை ஆறு மணிக்கு ரூம்மேட்டின் அலாரம் அடிக்கும். அவன் எழுவது ஏழரைக்கு. நடுவில் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தடவை அது அடிக்கும், அவன் கை மட்டும் போர்வைக்குள்ளிருந்து வந்து தட்டிவிட்டுப் போகும், நான் முழித்துக்கொண்டு கிடப்பேன். எங்கள் மாடியில் 22 பேருக்கு மூன்று குளியலறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் விழாது, உள்ளே ஆள் இருப்பது தெரியப் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். அப்புறம் மெஸ்ஸில் எட்டுப் பேர், அதே எட்டுப் பேர் வகுப்பில், அதே எட்டுப் பேர் மாலையில் மைதானத்தில். காலையில் தும்மினால் மதியத்துக்குள் மூன்று பேர் "சளியா?" என்று கேட்டுவிடுவார்கள், அதில் ஒருவர் ஆசிரியர்.

போன வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசும்போது கொஞ்சம் கண் கலங்கிவிட்டது. மறுநாள் ஆய்வகத்தில், அதுவரை நான்கு வார்த்தைகூடப் பேசாத ஒரு சீனியர் வந்து "வீட்டில் எல்லாம் நல்லபடிதானே?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். எனக்கோ ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

இரண்டு கேள்வி. இந்த அலுப்பு எல்லாருக்கும் இருக்குமா? தனியாக ஒரு மணிநேரம் வேண்டுமானால் எங்கே போகிறீர்கள்?

கடைசிவரிசை:
தாழ்ப்பாள் இல்லாத குளியலறையில் பாடுவது எல்லா விடுதியிலும் உண்டு போலிருக்கிறது. எங்கள் மாடியில் ஒருவர் மூன்று வருஷம் ஒரே பாட்டைத்தான் பாடினார், இரண்டாவது சரணம் அவருக்கு இன்றுவரை தெரியாது.

பழையவிடுதிவாசி:
தம்பி, நான் படித்து முடித்து ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் கல்லூரியில் உங்களைவிடக் குறைவு, 180 பேர். அந்த அலுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது படிப்பால் வருவது இல்லை, நாள் முழுக்க யாரோ ஒருவர் பார்வையில் இருப்பதால் வருவது. வெளியே வேலை பார்க்கிறவர்களுக்கு வேலை ஓர் இடம், வீடு ஓர் இடம், நடுவில் போக்குவரத்து என்று ஒன்று இருக்கிறது. அந்த அரைமணி நேரப் பயணத்தில் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரலாம். உனக்கு அந்த நான்கு நிமிட நடையில்கூட இரண்டு பேர் எதிரே வருவார்கள், இரண்டு பேரிடமும் சிரிக்க வேண்டும்.

நான் கண்டுபிடித்தது இடம் இல்லை, நேரம். காலை ஐந்தரைக்கு எழுந்தால் குளியலறை காலி, வெந்நீர் தீர்ந்திருக்காது, மெஸ்ஸில் விளக்குப் போட்டு நாற்காலியை இறக்கிவைத்துக் கொண்டிருப்பார்கள். அந்த ஒன்றரை மணிநேரம் வளாகம் முழுக்க என்னுடையது. எழுந்து பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டேன், சும்மா நடப்பேன், மெஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. சின்ன இடத்தில் சண்டையை ஆறப்போட முடியாது. பெரிய இடமென்றால் முறைத்துக்கொண்டு ஆறு மாதம் கண்ணில் படாமல் இருந்துவிடலாம். எனக்கும் பக்கத்து அறைப் பெண்ணுக்கும் ஒரு பிளக் பாயின்ட் விஷயமாகத் தகராறு, என் சார்ஜரைக் கழற்றிவிட்டு அவள் இஸ்திரிப் பெட்டியைச் சொருகிவிட்டாள், காலையில் செய்முறைத் தேர்வு, என் லேப்டாப் செத்துக் கிடந்தது. ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரமும் மூன்று வேளையும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். எட்டாம் நாள் மெஸ் வரிசையில் தண்ணீர்க் குவளையை எடுத்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன், முடிந்தது. மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. உன் ரூம்மேட் விஷயத்தையும் உள்ளே வைத்துப் புழுங்காதே.

பெரியகூட்டம்:
கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நான் முப்பதாயிரம் பேர் படிக்கிற இடத்தில் இருக்கிறேன். முதல் செமஸ்டர் முழுக்க ஒரு ஆசிரியருக்கும் என் பெயர் தெரியாது. காய்ச்சலில் நான்கு நாள் படுத்துக் கிடந்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை, ஐந்தாம் நாள் வருகைப்பதிவு குறைகிறது என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. நீங்கள் தும்மினால் மூன்று பேர் விசாரிக்கிறார்கள், அதைக் குறையாகச் சொல்கிறீர்கள். மாற்றிக்கொள்வோமா?

மூன்றாம்மாடி:
@பெரியகூட்டம் நீங்கள் சொல்வது சுடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் விசாரிப்பு வேறு, கண்காணிப்பு வேறு. ஒரே ஆள் காலையில் விசாரிக்கிறார், மாலையில் அதையே நான்கு பேரிடம் செய்தியாகச் சொல்கிறார். எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

நூலகப்பூனை:
பெரிசா சின்னதா சண்டை பழையது. வேடிக்கை என்னவென்றால் பெரிய பல்கலைக்கழகங்களே காசு செலவழித்துத் தங்களைச் சின்னதாக வெட்டிக்கொண்டிருக்கின்றன. ஹார்வர்டில் 1930-லும் யேலில் 1933-லும் மாணவர்களைத் தனித்தனி இல்லங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாப்பாட்டுக் கூடம், தனி நூலகம், கூடவே தங்குகிற ஆசிரியர்கள் என்று ஏற்பாடு செய்தார்கள், இரண்டுக்கும் பணம் கொடுத்தவர் ஒரே ஆள், எட்வர்ட் ஹார்க்னஸ். அவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளை. ஆக்ஸ்ஃபோர்டில் மெர்ட்டன் கல்லூரி 1264-இல் தொடங்கியது. ஆக, ஒரே கூரையின் கீழ்த் தூங்கி ஒரே கூடத்தில் சாப்பிட்டுப் படிக்கிறவர்களின் பிடுங்கல் எழுநூறு வருஷத்துக்கு மேல் பழசு.

240 பேர் சின்னது என்கிறாய். கலிஃபோர்னியாவில் டீப் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு கல்லூரி, 1917-இல் ஆரம்பித்தது. பாலைவனப் பள்ளத்தாக்கு, மொத்த மாணவர்களே முப்பதுக்குள்தான். மாடு மேய்ப்பதும் சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் மாணவர்களே, அடுத்த வருஷம் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. அங்கே ரூம்மேட்டோடு முறைத்துக்கொண்டால் மறுநாள் காலை அவனோடு சேர்ந்துதான் பால் கறக்க வேண்டியிருக்கும். உன் நிலைமை தேவலாம்.

தூக்கம்வராதவன்:
எல்லாரும் தத்துவம் பேசுகிறீர்கள், அந்தப் பையனுக்கு முதலில் தூக்கம் இல்லை. ஆறு மணியிலிருந்து ஏழரை வரை ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்தால் பத்துப் பதினோரு தடவை. அந்த ஒன்றரை மணிநேரத்தைத் தூக்கக் கணக்கிலும் வைக்க முடியாது, விழிப்புக் கணக்கிலும் வைக்க முடியாது. பத்து மணிக்கு அசந்துபோகாமல் என்ன செய்வார்?

ரூம்மேட்டைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போயிருக்கும், இருபது வயதை ஒட்டித்தான் அந்தத் தாமதம் உச்சத்தில் இருக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு வரும். ராத்திரி படிக்கக் காபி குடிக்கிற ஆளாக இருந்தால் இன்னும் மோசம். காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணிநேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். ஒன்பது மணிக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. அவரிடம் ஆறு மணி அலாரம் எதற்கு என்று கேளுங்கள். நிச்சயம் "எழுந்து படிக்கத்தான்" என்பார். எழவே போவதில்லை என்று தெரிந்துதான் வைக்கிறார், அது அலாரம் இல்லை, நேர்த்திக்கடன்.

நடைமுறையில் உதவியது: அலாரம் வைத்த போன் கட்டிலில் இல்லாமல் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், எழுந்து நடந்தால்தான் அணைக்க முடியும். உங்களுக்குப் பஞ்சு இயர்பிளக், அவருக்கு அதிர்கிற கைக்கடிகாரம். பதினொன்றுக்கு மேல் மேல்விளக்கு கிடையாது, மேசை விளக்கு மட்டும், அதுவும் சுவர்ப்பக்கம் திருப்பி.

ஈரத்துணி:
துணி துவைக்கிற கதையை யாருமே எடுக்கவில்லையே. எங்கள் இடத்தில் எண்பது பேருக்கு மூன்று மெஷின், ஒன்று எப்போதும் "பழுது" என்று எழுதி ஒட்டியிருக்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள், மனுஷ குணம் முழுக்க அங்கே தெரியும். மெஷின் நின்று பத்து நிமிடம் ஆகியும் சொந்தக்காரர் வரவில்லை என்றால் துணியை எடுத்து வெளியே வைக்கலாமா கூடாதா? எடுத்தால் எங்கே வைப்பது? ஒருவர் என் ஈரத்துணியை அப்படியே மெஷின் மேல் குவித்துவிட்டுப் போனார், மேலே ஒரு காகிதத்தில் "15 நிமிடம் காத்திருந்தேன்" என்று எழுதி வைத்திருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது, கோபம் பாதி அதிலேயே போய்விட்டது.

செவ்வாய் மதியம் துவையுங்கள். யாரும் இருக்க மாட்டார்கள். தனியாக ஒரு மணிநேரம் கேட்டீர்களே, இதோ இருக்கிறது. மெஷின் சுற்றுகிற சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது, நான் இரண்டு பாடத்தை அங்கேயே படித்து முடித்தேன்.

கதவெண்7:
நெருங்கி இருப்பதால்தான் நட்பு வருகிறது, அதை மறக்காதீர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் செய்த ஆய்வு 1950-இல் புத்தகமாக வந்தது. அடுத்தடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் ஒருவரை ஒருவர் நண்பர் என்றார்கள், இரண்டு கதவு தள்ளியிருந்தால் 22, அதே தளத்தின் கடைசி முனை என்றால் 10. ஒரே நடைபாதை, எல்லாம் சில அடி தூரம்தான். படிக்கட்டு ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். குணம் பார்த்துச் சேர்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், பாதி வேலையைக் கதவு செய்துவிடுகிறது.

ரூம்மேட்டும் அப்படித்தான். டார்ட்மத் கல்லூரியில் குலுக்கல் முறையில் அறை ஒதுக்கப்பட்டவர்களை வைத்து புரூஸ் சாசர்டோட் 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். ரூம்மேட்டின் மதிப்பெண் நம் மதிப்பெண்ணை ஓரளவு இழுக்கிறது, எந்த மாணவர் சங்கத்தில் சேர்வது என்பதையும் இழுக்கிறது, ஆனால் எந்தத் துறையை எடுப்பது என்பதை இழுக்கவில்லை.

மஞ்சள்குடை:
ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும்! எங்கள் மாடியில் மூன்றே மாதத்தில் எல்லாருக்கும் மாதவிலக்கு ஒரே வாரத்தில் வர ஆரம்பித்துவிட்டது, இது அறிவியலே ஒத்துக்கொண்டது.

கணக்குப்பிள்ளை:
@மஞ்சள்குடை அக்கா, அதை அறிவியல் அப்புறம் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. மார்த்தா மெக்ளின்டாக் 1971-இல் நேச்சர் இதழில் எழுதினார், வெல்லஸ்லி கல்லூரி விடுதியில் இருந்த 135 மாணவிகளை வைத்து. பிறகு வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை. வெறும் கணக்காகவே பாருங்கள்: இரண்டு பேருக்கு 28 நாள் சுழற்சி என்றால் தொடங்கும் தேதிகள் அதிகபட்சம் 14 நாள்தான் விலக முடியும், சராசரி விலகல் 7 நாள். மாதவிலக்கு நீடிப்பதோ நான்கைந்து நாள். எதேச்சையாகவே பாதிக்குப் பாதி நெருங்கிவிடும். ஒத்துப்போன மாதம் நினைவில் நிற்கும், ஒத்துப்போகாத மாதத்தை யாரும் பேசுவதில்லை.

மஞ்சள்குடை:
கணக்கு சரி. ஆனால் அந்த வாரம் எங்கள் மாடியில் ஒரே ஒரு வெந்நீர்ப் பைக்கு ஐந்து பேர் அடித்துக்கொண்டது உண்மை.

கொத்துச்சாவி:
நான் மறுபக்கத்து ஆள், ஒரு சின்ன விடுதியில் பதினொரு வருஷமாக வார்டன். இழையை முழுக்கப் படித்தேன்.

பிள்ளைகள் நினைக்கிற அளவுக்கு நாங்கள் உளவு பார்ப்பதில்லை, ஆனால் தெரியாமலும் போவதில்லை. யார் சாப்பிட வரவில்லை என்பது எனக்கு முன்னால் மெஸ்ஸில் பரிமாறுகிறவருக்குத் தெரியும். ஒரு பெண் தொடர்ந்து ஆறு நாள் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை, அவர்தான் என்னிடம் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருக்கிறாள், ரூம்மேட் ஊருக்குப் போயிருக்கிறாள், வேறு யாருக்கும் தெரியாது. இத்தனை சின்ன இடத்திலேயே ஒரு ஆள் ஆறு நாள் காணாமல் போக முடிகிறது.

மூன்றாம்மாடி தம்பிக்கு: முதல் செமஸ்டரில் வீட்டு நினைப்பில் அழுவது சகஜம். படிக்கட்டில் அழுகிறவர்களை வருஷத்துக்குப் பத்துப் பேரையாவது தாண்டிப் போகிறேன், பார்க்காத மாதிரி போவதும் வார்டன் வேலைதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வெறும் அலுப்பு இல்லை, மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டியது. அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தாழ்ப்பாள் விஷயம்: எழுதிக் கொடுங்கள். 22 பேரும் "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று இருப்பீர்கள், ஒருவரும் சொல்லியிருக்க மாட்டீர்கள். என் அனுபவத்தில் எல்லாத் தாழ்ப்பாளும் இப்படித்தான் மூன்று வருஷம் தொங்குகிறது.

பெரியகூட்டம்:
@கொத்துச்சாவி அந்த மெஸ்காரர் மாதிரி ஒருவர் எங்கள் இடத்தில் இருந்திருந்தால் நான் நான்கு நாள் படுத்திருக்க மாட்டேன். சரி, மேலே நான் எழுதியதில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

மூன்றாம்மாடி:
பத்து நாள் கழித்து வருகிறேன், இடையில் தேர்வு.

ரூம்மேட்டிடம் பேசிவிட்டேன். பயந்தபடி சண்டையாகவில்லை, ஆனால் நான் எதிர்பாராத பக்கம் திரும்பியது. அலாரத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் "நீ வாய்விட்டுப் படிக்கிறாயே, அது ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை போகிறது, அதனால்தான் நான் ராத்திரி காமன் ரூமில் உட்கார்ந்துவிட்டு ஒரு மணிக்கு வருகிறேன், அதனால்தான் காலையில் எழ முடிவதில்லை" என்றான். நான் வாய்விட்டுப் படிப்பது எனக்கே தெரியாது. முணுமுணுக்கிறேனாம். போனில் வீட்டுக்குப் பேசும்போது மட்டும் குரல் அடுத்த அறை வரை போகுமாம், என் அக்காவுக்கு வேலை கிடைத்தது வரை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நான்கு மாதமாக அவனும் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து அறைக்காரனிடம் சொல்லியிருக்கிறான்.

இப்போது ஏற்பாடு இதுதான். அலாரம் ஏழுக்கு ஒன்று, ஏழே காலுக்கு ஒன்று, போன் கதவுப்பக்க ஸ்டூலில். முணுமுணுப்பு நூலகத்துக்குப் பின்னால் உள்ள படிக்கட்டில். இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருபது நிமிடம் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கிறோம், பதில் தெரியாதவன் ஒரு சுற்று மௌனமாக நடக்க வேண்டும். இப்படிக் கேள்வி கேட்டுப் படிப்பது நல்லது என்று யாரோ சொன்னார்கள், தேடிப் பார்த்தேன், ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த ஆய்வு ஒன்று கிடைத்தது. படித்த ஐந்தாவது நிமிடத்தில் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முன்னால் வந்துவிடுகிறார்கள். முணுமுணுத்தே தேறிவிடலாம் என்று இருந்தவன் நான்.

@ஈரத்துணி செவ்வாய் மதியம் போனேன். நிஜமாகவே யாரும் இல்லை. ஒரு மணிநேரம் கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன், புத்தகம்கூடத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது அந்தச் சீனியர் எதிரே வந்தார். "எங்கே ஆளைக் காணோம்?" என்றார். துணி துவைத்தேன் என்றேன்.

தாழ்ப்பாளுக்கு எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், கொத்துச்சாவி ஐயா சொன்ன மாதிரியே, அந்தக் குளியலறை பற்றி இதற்கு முன் ஒரு புகார்கூட இல்லை. சனிக்கிழமை ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசிவரிசை:
அப்போ பாட்டு?

மூன்றாம்மாடி:
சனிக்கிழமை வரை உண்டு.